புதுச்சேரி – சென்னை தடத்தில் டபுள் டெக்கர் ரயில் விட்டால் கூட்டம் குறையுமா?

சீட்டு கூடும். கூட்டம் குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு ஊர் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். ஒருமுறை பெங்களூரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு, சென்ட்ரலிலிருந்து டபுள் டெக்கரில் போனேன். கையில் பண்ருட்டிப் பலாப்பழம், முழுசாக. மேல்தட்டில் சீட்டு. சாமான் வைக்கும் இடத்தில் லேப்டாப் பை படுக்கும், பலாப்பழம் படுக்குமா? தப்பு என்மேல்தான். காலிடுக்கில் வைத்துக்கொண்டே போனேன், ஏ.சி. பெட்டி முழுக்க வாசனை. காட்பாடி தாண்டியதும் பக்கத்து சீட்டுக்காரர் விலை கேட்டார்.

கூரை ஏன் அவ்வளவு தாழ்வு? மேலே மின்கம்பி, பாலங்கள். அதனால் பெட்டியின் இரண்டு முனையிலும் இருக்கும் சக்கரத் தொகுதிகளுக்கு நடுவே தரையைக் கீழே இறக்கி, கிடைத்த உயரத்தில் இரண்டு தட்டைத் திணிக்கிறார்கள். கீழ்தட்டில் உட்கார்ந்தால் நடைமேடையில் நிற்பவர்களின் செருப்புதான் தெரியும்.

சாதாரண எல்.எச்.பி. (ஜெர்மன் வடிவமைப்பு) ஏ.சி. சேர் கார் பெட்டியில் 78 சீட்டு, பஞ்சாபில் கபூர்தலா ரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்த இந்த டபுள் டெக்கரில் 120. கதவு மட்டும் அதேபோல இரண்டு முனையிலும்தான். அத்தனை பேரும் குறுகலான படியில் ஏறி இறங்கி அங்கேதான் வரவேண்டும். பெங்களூரு வண்டியில் கடைசிவரை போகிறவர்கள் நிறைய, சமாளித்துவிடலாம். நம்ம தடத்தில் விழுப்புரம், திண்டிவனம், மேல்மருவத்தூர், செங்கல்பட்டு என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு கும்பல் இறங்கும், ஒரு கும்பல் ஏறும். இரண்டு நிமிஷத்தில் முடிகிற காரியமா அது?

அமெரிக்காவில் இதே சிக்கல் வந்தது. அந்நாட்டுப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் சூப்பர்லைனர் என்ற இரண்டடுக்குப் பெட்டி ஏறக்குறைய 4.9 மீட்டர் உயரம். பக்கத்துக்கு ஒரே கதவு, ராத்திரி பகலாக ஓடும் வண்டிக்கு அது போதும். ஆனால் ஓக்லாந்து – சாக்ரமெண்டோ மாதிரி அடிக்கடி நிற்கும் தடங்களுக்காக 1990-களின் நடுவில் கலிபோர்னியா மாநிலம் வாங்கிய இரண்டடுக்குப் பெட்டிகளில், கீழ்தட்டில் பக்கத்துக்கு இரண்டு அகலமான தானியங்கிக் கதவுகள். சக்கர நாற்காலிக்காரருக்கும் கீழேயே இடம். அப்படி ஒரு பெட்டி வந்தால் நானும் கை தூக்குகிறேன்.

ஆனால் இங்கே இருக்கும் டபுள் டெக்கர் பெட்டிகள் ரிசர்வேஷன் ஏ.சி. பெட்டிகள். நம்ம ஊர்க் கூட்டத்தில் பாதிப்பேர் அன்ரிசர்வ்டு டிக்கெட் எடுத்து, கிடைத்த இடத்தில் நிற்கிறவர்கள். அவர்களுக்குக் காலையில் ஒரு மெமு (குறுந்தூர மின்சார ரயில்), சாயந்திரம் ஒரு மெமு கூடுதலாக விட்டால் போதும்.