பத்து மாத முன்பணமும் பதினொரு மாத ஒப்பந்தமும்

கேள்வி: இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் விசைப்படகு ஒன்றில் நான் பங்குதாரர். என் மகனுக்குச் சென்னை கிண்டியில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில் இடம் இல்லாததால் ஊர்ப் பிள்ளைகள் இருவருடன் சேர்ந்து வேளச்சேரியில் வீடு பார்த்திருக்கிறோம். வாடகை 18,000 ரூபாய். அட்வான்ஸ் பத்து மாத வாடகை. தடைக்காலம் முடிந்து இப்போதுதான் படகு கடலுக்குப் போகிறது என்பதால், எங்கள் பங்கான 60,000 ரூபாயை நகையை அடகு வைத்துத்தான் கொடுக்க வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்தில் மகனே கையெழுத்துப் போட்டால் போதும், பதிவெல்லாம் தேவையில்லை என்கிறார் தரகர். மகனுக்கு நவம்பரில்தான் 18 வயது நிறைகிறது. இந்தப் பணம் முழுமையாகத் திரும்பி வருமா?

பதில்: வரும், ஆனால் தரகர் சொல்லும் வழியில் கொடுத்தால் வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

முதலில் கையெழுத்து. 18 வயது நிறையாதவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. 1903-இலேயே, ஆங்கிலேயர் காலத்தில் இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. எனவே உங்கள் மகன் போடும் கையெழுத்தை நம்பி 60,000 ரூபாயை ஒப்படைப்பது வீண். மூன்று பிள்ளைகளின் தந்தையரும் வாடகைதாரர்களாகக் கையெழுத்திட்டு, குடியிருக்கப் போகிறவர்கள் இன்னார் என்று பிள்ளைகளின் பெயர்களை ஒப்பந்தத்தில் குறிப்பிடுங்கள். அட்வான்ஸில் யார் பங்கு எவ்வளவு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு பிள்ளை நடுவில் வெளியேறும்போது பெற்றோர்களுக்குள்ளேயே மனத்தாங்கல் வரும்.

அடுத்து, பத்து மாத அட்வான்ஸ். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பது அதில் உள்ள விதி. அப்படியானால் 54,000 ரூபாய்தானே, மீதி 1,26,000 ரூபாயைக் கேட்பது குற்றம் அல்லவா என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கேதான் ஒரு விலக்கு இருக்கிறது, அதைப் பொறுமையாகப் புரிந்துகொள்ள வேண்டும். 'மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்ற சொற்களோடுதான் அந்த விதியே தொடங்குகிறது. அதாவது, ஒப்பந்தத்தில் தொகை எதுவும் பேசப்படவில்லை என்றால் மூன்று மாதம்தான் வரம்பு; பத்து மாதம் என்று எழுதி அதன் கீழே நீங்களே கையெழுத்திட்டுவிட்டால் அந்தப் பத்து மாதமும் சட்டப்படி சரியாகிவிடும். பிறகு மூன்று மாத விதியைக் காட்டி வழக்காட முடியாது. சென்னையில் ஏறத்தாழ எல்லா ஒப்பந்தங்களும் இப்படித்தான் எழுதப்படுகின்றன என்பதால், பாதுகாப்பு என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட விதி வீடு தேடும் எவருக்கும் கைகொடுப்பதில்லை. இப்படி ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டு வரம்பு விதித்தோம் என்று பெருமைப்படுவானேன் என்று எனக்கு விளங்கவில்லை. ஆகவே பேரத்தைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு மாதத்துக்கு இறங்கி வரும் உரிமையாளர்களும் உண்டு.

பதினொரு மாதம் என்றால் பதிவு வேண்டாம் என்ற கதை பழைய காலத்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால், அதைத் தவிர்க்கப் பதினொரு மாதம் என்று எழுதும் பழக்கம் வந்தது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது வேறொரு பதிவு. காலம் எவ்வளவாக இருந்தாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் அது பதிவாக வேண்டும். பதிவாகாத தாளைச் சான்றாகக் காட்டுவதிலேயே சிக்கல் இருக்கிறது. இணையவழியில் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே பத்து வேலை சுமக்கும் அலுவலரிடம் பதினோராவதாக இதையும் கொடுத்துவிட்டு, இப்படியொரு பதிவு இருப்பதைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளே வைக்காதது அரசின் அலட்சியம். தரகர்கள் அந்த அறியாமையில்தான் பிழைக்கிறார்கள்.

தரகர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் இருக்கிறது. இந்தத் தரகர் நாளையே, "மாத வாடகை எதற்கு, ஐந்து லட்சம் கொடுத்து லீஸுக்கு எடுங்கள், முழுப் பணமும் திரும்ப வரும்" என்பார். நம் பக்கத்தில் ஒத்திக்கு வீடு பிடிப்பது போலத்தானே என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊரில் வீட்டுக்காரரை மூன்று தலைமுறையாகத் தெரியும். சென்னையில் ஓர் இடைத்தரகர் உரிமையாளரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்து, அதையே உங்களிடம் லட்சக்கணக்கில் லீஸுக்கு விட்டு, சில மாதம் மட்டும் வாடகை கட்டிவிட்டுத் தலைமறைவாவது பலமுறை நடந்த மோசடி. உண்மையான உரிமையாளர் வந்து கதவைத் தட்டும்போது, அவருக்கும் உங்களுக்கும் எந்த ஒப்பந்தமும் இருக்காது. ஏலக்கூடத்தில் மீனைப் பார்க்காமல் விலை கேட்பீர்களா? உரிமையாளரை நேரில் பாருங்கள். சொத்து வரி ரசீதில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரத்தின் ஆவண எண்ணைக் கேட்டு வாங்கி, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். மின் கட்டண ரசீதை மட்டும் நம்ப வேண்டாம். அதில் பழைய உரிமையாளர் பெயரோ, வீட்டைக் கட்டியவர் பெயரோ மாற்றப்படாமலே கிடப்பது வழக்கம். பணத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். தரகர் கணக்குக்கு ஒரு ரூபாய் 'டோக்கன்' கூட வேண்டாம்.

காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னை வழக்கம். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளரின் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. எனவே ஒப்பந்த வரைவில் 'பெயிண்ட் செலவு கழிக்கப்படும்' என்ற வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். குடிபுகும் நாளிலேயே சுவர், குழாய், மின்விசிறி ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் அதை ஒப்பந்தத்திலும் எழுத வையுங்கள். தராவிட்டால் நீங்கள் இராமநாதபுரம் நீதிமன்றத்துக்கு வர முடியாது. வீடு இருக்கும் சென்னையில்தான் முறையிட வேண்டும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரவு ரயில் ஏற வேண்டும்.

இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் அசல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். தரகர் கமிஷனை, சாவி உங்கள் கைக்கு வந்த பிறகு, ரசீதோ வங்கிப் பரிமாற்றமோ இருக்கும்படி கொடுத்தால் போதும்.