கடைசி இரவு எந்த விடுதியில்? வெளிநாடு செல்லும் மதுரைக் குடும்பங்களின் கேள்விகளும் பதில்களும்

குடும்பத்தோடு வெளிநாடு செல்பவர்களுக்குப் பயண ஏற்பாடு செய்து தருவதை மதுரையில் பதினெட்டு ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்து வருகிறேன். கோடை விடுமுறை நெருங்கும்போது வரும் கேள்விகளில் பாதி, ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவைப் பற்றியவையாகவே இருக்கும். முதல் மூன்று இரவுகளுக்கு அறை தேடுவதற்கும் கடைசி இரவுக்குத் தேடுவதற்கும் கணக்கு வேறு. கடைசி இரவுக்கான விடுதியை விமானம் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நட்சத்திரம், நீச்சல் குளம், மாடியிலிருந்து தெரியும் காட்சி ஆகியவையெல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி (திருமங்கலம், ஆசிரியை): சிங்கப்பூரில் நான்கு நாள் தங்குகிறோம். திரும்பும் விமானம் காலை பத்து மணிக்கு. கடைசி இரவு மட்டும் விமான நிலையத்தின் அருகே மாறிக்கொள்ளலாமா?

வேண்டாம், அம்மா. சாங்கி விமான நிலையம் நகரின் மையத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். நெரிசல் இல்லாத நேரத்தில் டாக்சியில் அரை மணிக்குள் போய்விடலாம். அந்த அரை மணியை மிச்சப்படுத்துவதற்காக, முந்தைய நாள் பெட்டிகளைக் கட்டி, அறையைக் காலி செய்து, இன்னொரு விடுதியில் மூன்று மணி வரை சாவிக்காகக் காத்திருப்பது அரை நாளைத் தொலைப்பதாகும். நகருக்குள் நம்மவர் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியா பகுதியிலேயே கடைசி வரை தங்கியிருங்கள். சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடந்து வரும் கோமள விலாஸ் சைவ உணவகமும், சைது ஆல்வி சாலையில் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் முஸ்தபா பேரங்காடியும் நடக்கும் தொலைவில் இருக்கும். கடைசி நாளில் குடும்பங்கள் தேடுவது பெரும்பாலும் இவ்விரண்டைத்தான்.

ஓர் எச்சரிக்கை. அப்பகுதியின் நடுத்தர விலை விடுதிகள் சிலவற்றில் ஜன்னலே இல்லாத அறைகள் உண்டு. விலை குறைவாகத் தோன்றும் அறையின் விவரக் குறிப்பில் அது ஒரு சொல்லாக எங்கோ ஒதுங்கிக் கிடக்கும். தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி (மேலூர், வணிகர்): எங்கள் விமானம் 15ஆம் தேதி இரவு 1.30க்கு. 15ஆம் தேதிக்கு அறை போட்டால் போதுமல்லவா?

ஐயா, இக்கேள்வியை நீங்கள் முன்கூட்டியே கேட்டது நல்லதாயிற்று. 15ஆம் தேதி 1.30 என்பது நம் வழக்கில் 14ஆம் தேதி இரவுதான். 14ஆம் தேதி இரவு பத்தரை மணிக்கு நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஒன்பதரைக்கு விடுதியை விட்டுக் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதிக்கு அறை போட்டால், அந்த அறை உங்களுக்காகத் திறக்கும் நேரத்தில் நீங்கள் வீட்டில் குளித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். தொழிலின் தொடக்கக் காலத்தில் இதே தவற்றை ஒரு குடும்பத்துக்கு நானே செய்திருக்கிறேன். பயணச்சீட்டில் 00.40 என்று இருந்ததை அன்றைய இரவு என்று எடுத்துக்கொண்டு ஓர் இரவு கூடுதலாக அறை போட்டுவிட்டேன். அந்த வீட்டுப் பெரியவர் முந்தைய நாள் மாலை சந்தேகப்பட்டுத் தொலைபேசியில் அழைத்திராவிட்டால் அவர்கள் விமானத்தையே தவற விட்டிருப்பார்கள். அன்று முதல், நள்ளிரவுக்கும் காலை ஐந்துக்கும் இடையே புறப்படும் எந்தச் சீட்டிலும் முந்தைய நாளின் கிழமையைச் சிவப்பு மையால் எழுதித்தான் கொடுக்கிறேன்.

அடுத்த சிக்கல், 14ஆம் தேதி பகலில் எங்கே இருப்பது என்பது. நம் ஊரில் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. மாலை ஆறுக்கு வந்தவர் மறுநாள் மாலை ஆறுக்குக் கிளம்பலாம். அதே நினைப்பில்தான் நம்மவர்கள் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். அங்கே பெரும்பாலும் நீங்கள் எப்போது வந்திருந்தாலும் பகல் பதினொன்று அல்லது பன்னிரண்டுக்கு அறையை ஒப்படைத்துவிட வேண்டும். ஆக, உங்களுக்குப் பகல் பன்னிரண்டிலிருந்து இரவு ஒன்பதரை வரை வீடற்ற பொழுது ஒன்பதரை மணி நேரம்.

கணவனும் மனைவியும் மட்டும் என்றால், பெட்டிகளை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டு ஊர் சுற்றலாம். அநேகமாக எந்த விடுதியும் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. கைக்குழந்தையோ முதியவரோ உடன் இருந்தால் 14ஆம் தேதி இரவுக்கும் சேர்த்தே அறையை எடுத்துவிடுங்கள். தூங்காத இரவுக்குப் பணமா என்று கேட்பீர்கள். அந்தப் பணம் மதியத் தூக்கத்துக்கும், வியர்வையோடு விமானம் ஏறாமல் மாலையில் ஒரு குளியல் போடுவதற்கும். இரண்டுக்கும் நடுவே, மாலை ஆறு வரை அரை நாள் வாடகையில் நீட்டித்துத் தர முடியுமா என்று முன்பதிவுக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். உங்களிடம் சரி என்று சொன்னவர் அன்றைக்குப் பணியில் இருக்க மாட்டார்.

கேள்வி (உசிலம்பட்டி, வங்கி ஊழியர்): விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போடுகிறார்களே, அது என்ன?

சிங்கப்பூரில் அதன் பொருள் 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அதற்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டியும் சேரும் என்பது. 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) என்று போட்டிருந்தால் சேவைக் கட்டணத்தோடு 220. அதன் மேல் வரியைச் சேர்த்தால் 239 வெள்ளி 80 காசு. இரண்டு விடுதிகளை ஒப்பிடும்போது ஒன்றில் வரி சேர்ந்த விலையும் மற்றதில் சேராத விலையும் இருந்தால் ஒப்பீடே பொய்யாகிவிடும். மலேசியாவில் வெளிநாட்டவருக்கு அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு; துபாயில் விடுதியின் தரத்தைப் பொறுத்து 7 முதல் 20 திர்ஹாம் வரை. இவற்றைப் பெரும்பாலும் விடுதியிலேயே நேரில் வாங்குவார்கள். கடைசி நாளில் கையிலிருக்கும் அந்நியச் செலாவணியை முழுவதும் தீர்த்துவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

கேள்வி (சிம்மக்கல், இல்லத்தரசி): நாங்கள் ஐந்து பேர், மாமியாருக்கு 74 வயது. ஒரே அறையில் சமாளித்துக்கொள்ளலாமா?

முடியாது, சகோதரி. மேலும், அதற்கு அனுமதிக்கவும் மாட்டார்கள். திருமண வீட்டு லாட்ஜ் போல ஜமக்காளம் விரித்துப் படுத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே செல்லாது. அறைக்கு இத்தனை பேர் என்பதில் உறுதியாக இருப்பார்கள். மூவரைப் பதிவு செய்துவிட்டு ஐவராகப் போய் நின்றால், இரவு பத்து மணிக்கு வரவேற்பறையிலேயே இன்னோர் அறைக்கு அன்றைய விலையைக் கொடுக்க நேரும். இரண்டு அறைகளாகவே போடுங்கள். உள்ளே கதவு வழியாக இணைந்த அறைகள் வேண்டும் என்று கேளுங்கள். பக்கத்துப் பக்கத்து அறைகள் என்று கேட்டால், இடையே கதவில்லாத இரண்டு அறைகளைத் தந்துவிடுவார்கள்.

மாமியாருக்காகக் குளியலறையை விசாரியுங்கள். குளியல் தொட்டிக்குள் ஏறி நின்று குளிக்கும் அமைப்பு முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது. தரைமட்டத்தில் நின்று குளிக்கும் அறையாகக் கேட்டு வாங்க வேண்டும். கழிவறையில் கைத்தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்பதையும் வெட்கப்படாமல் கேளுங்கள். மலேசியாவில் பெரும்பாலும் இருக்கும். சிங்கப்பூரில் எல்லா இடத்திலும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று, தரையின் அளவு. கடைசி இரவு என்பது பெட்டி கட்டும் இரவு. பன்னிரண்டு, பதின்மூன்று சதுர மீட்டர் அறையில் இரட்டைக் கட்டில் போக மிஞ்சுவது ஓர் ஆள் நடக்கும் சந்துதான். அப்படி ஓர் அறையில் நானும் என் மனைவியும் ஒரு பெட்டியைக் கட்டிலின் மேலும், மற்றதைக் குளியலறை வாசலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகவும் திறந்து வைத்துக்கொண்டு, சாக்லேட் பொட்டலங்களை ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் கைமாற்றிக்கொண்டிருந்தோம். பையன் உறங்க இடமில்லாமல் ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருந்தான். குடும்பத்துக்குக் குறைந்தது இருபது சதுர மீட்டராவது பாருங்கள். அதற்காக ஒரு நட்சத்திரம் குறைந்தாலும் பரவாயில்லை.

கேள்வி (வில்லாபுரம், மென்பொருள் பணியாளர்): திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போய் வருகிறோம். திரும்பும் விமானம் காலை 7.30க்கு. நகருக்குள் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் தங்கலாமா?

உங்கள் நிலைமை திருமங்கலத்து அம்மாவின் நிலைமைக்கு நேர்மாறானது. செப்பாங்கில் உள்ள அந்த விமான நிலையம் நகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து அரை மணியில் கொண்டுசேர்க்கும் விரைவு ரயில் நல்ல வசதிதான். ஆனால் முதல் வண்டியே காலை ஐந்து மணிக்கு. நான்கு பேருக்குப் பயணச்சீட்டு வாங்கும் காசுக்கு வாடகைக் கார் மலிவாகவே வரும். ஆயினும் மூன்றரை மணிக்குக் குழந்தைகளை எழுப்ப வேண்டியிருக்கும். பிற்பகல் விமானமாக இருந்தால் பிரிக்ஃபீல்ட்ஸ் என்றே சொல்லியிருப்பேன். இதற்கு விமான நிலையத்தின் பக்கம் போய்விடுவதே மேல்.

அங்கும் எந்த முனையம் என்று பாருங்கள். ஏர் ஏசியா இரண்டாம் முனையத்திலிருந்து புறப்படுகிறது. மற்ற பல நிறுவனங்கள் முதல் முனையத்திலிருந்து. முனையத்தோடு ஒட்டி, நடந்தே போகும்படி உள்ள விடுதி சற்று விலை கூடினாலும் தகும். “விமான நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்” என்று விளம்பரம் செய்த ஒரு விடுதியில் நான் ஏமாந்தேன். ஐந்து நிமிடம் உண்மைதான்; அவர்களுடைய வேன் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் வரும் என்பதும், தலைக்கு இத்தனை என்று தனிக் கட்டணம் உண்டு என்பதும் போன பிறகே தெரிந்தன.

கேள்வி (அண்ணா நகர், இரு குழந்தைகளின் தந்தை): சிங்கப்பூரில் காலை 5 மணிக்கே விடுதியை விட்டுக் கிளம்ப வேண்டும். என்னென்ன பார்க்க வேண்டும்?

அந்த நேரத்துக்கு மெட்ரோ ரயில் உதவாது. டாக்சிதான். நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணி வரை மீட்டர் தொகைக்கு மேல் பாதி கூடுதலாக வாங்குவார்கள். அது சட்டப்படியான கட்டணம். ஓட்டுநரிடம் சண்டை போட வேண்டாம். 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம்; டாக்சிகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு, செயலி வழியே வரும் தனியார் கார்களுக்கு இல்லை. சாதாரணக் காரை வரவழைத்துவிட்டு வாசலில் நின்று வாதாடுவதைவிட, டாக்சியையே கேளுங்கள்.

காலை உணவோடு சேர்த்து விலை கொடுத்திருந்தால், முந்தைய இரவே சொல்லி வைத்தால் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். சைவம் என்று தனியாகச் சொல்லாவிட்டால் பெட்டியைத் திறக்கும்போது ஹாம் என்னும் பன்றி இறைச்சி வைத்த ரொட்டி இருக்கலாம்.

கேள்வி (திருப்பரங்குன்றம், ஓய்வு பெற்ற அலுவலர்): கொழும்பு?

கட்டுநாயக்க விமான நிலையம் நகரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். 2013இல் திறந்த விரைவுச் சாலையால் பயணம் எளிதாகிவிட்டது. பகல் விமானம் என்றால் வெள்ளவத்தையில் தங்குங்கள். பேச்சும் சாப்பாடும் நம்முடையவை. விடியற்காலை விமானம் என்றால் விமான நிலையத்துக்கு அருகே உள்ள நீர்கொழும்பு.

கேள்வி (திருமங்கலம், முதலில் கேட்ட ஆசிரியை): ரத்து செய்யும் வசதி உள்ள அறை விலை கூடுதலாக இருக்கிறது. தேவையா?

கடைசி இரவுக்குத் தேவை. விமான நேரம் மாறினால் முதலில் அடிபடுவது அந்த ஓர் இரவுதான். ரத்து செய்யும் கெடு அந்த ஊர் நேரப்படி என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். சிங்கப்பூரில் நள்ளிரவு என்றால் இங்கே இரவு ஒன்பதரை. விடுதியில் அட்டையால் பணம் கட்டும்போது ரூபாயிலா வெள்ளியிலா என்று கருவியில் கேட்கும். வெள்ளி என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதத்தில் உங்களுக்கு நட்டம். முன்பணத்துக்குப் பிடித்து வைக்கும் தொகையைக் கடன் அட்டையில் பிடிக்கச் சொல்லுங்கள். டெபிட் அட்டையில் பிடித்தால் உங்கள் சொந்தப் பணம் சில நாட்களுக்கு முடங்கிக் கிடக்கும்.

முஸ்தபாவில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கியிருந்தால் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறலாம். அதற்கான பதிவை, பெட்டிகளை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே சாங்கியில் உள்ள கருவியில் செய்ய வேண்டும். பொருளைக் காட்டச் சொன்னால் எடுத்துக் காட்ட வேண்டும். ஆகவே அந்தப் பொருட்களைப் பெட்டியின் அடியில் போட்டு மேலே துணியை அடுக்கிவிடாதீர்கள்.