பறவைக் காய்ச்சல் வைரஸ் செல்லைத் துளைத்துக்கொண்டா உள்ளே போகிறது? நிபாவும் அப்படித்தானா?

துளைப்பதெல்லாம் இல்லை. வைரஸின் மேல் நிற்கும் ஹீமக்ளூட்டினின் புரதம் செல்லின் மேலுள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். செல்லும் ஏமாந்து, அதை ஒரு சவ்வுப் பைக்குள் விழுங்கிவிடும். ஆனால் பைக்குள் இருந்தால் வேலைக்காகாது. வைரஸின் சவ்வும் பையின் சவ்வும் இணைந்தால்தான் அதன் எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகளும் வெளியே வரும்.

இணைப்பதும் அதே புரதம்தான். காசித்தும்பைக் காய் முற்றியதும் லேசாகத் தொட்டால் வெடித்துச் சுருண்டுகொள்ளுமே, அந்த வகை. விசை முன்பே ஏறியிருக்கிறது. தொடுவது ஒரு சாக்கு. புரதத்தை ஒரு நொதி ஓரிடத்தில் வெட்டினால் அது முற்றியதாகக் கணக்கு. சாக்கு, அமிலம். பைக்குள் செல் அமிலத்தை ஏற்றிக்கொண்டே போகும். பி.எச். 5 பக்கம் வந்ததும் புரதத்தின் தலைகள் விலகும், நடுவில் மடிந்து கிடந்த பகுதி நீளச் சுருளாக விறைக்கும், தண்டுக்குள் ஒளிந்திருந்த நுனி சுமார் 10 நானோமீட்டர் மேலே போய்ப் பையின் சவ்வில் செருகும். மறுமுனை வைரஸின் சவ்விலேயே இருக்கிறது. அப்புறம் புரதம் இரண்டாக மடங்க, இரு சவ்வுகளும் இழுபட்டு ஒட்டும். ஒவ்வொரு சவ்வும் ஈரடுக்கு; எதிரெதிரே இருக்கும் அடுக்குகள் முதலில் கலக்கும், பிறகு துளை திறக்கும். (சரி, கடைசியில் ஒரு துளை வரத்தான் செய்கிறது.)

வெடிப்பதற்கு முந்தைய வடிவத்தை வில்சன், ஸ்கீஹல், வைலி என்ற மூன்று விஞ்ஞானிகள் 1981-இல் படம்பிடித்தார்கள். விசை ஏற்றிய அமைப்பு என்று 1993-இல் கார், கிம் இருவரும் சொன்னார்கள். மறு வருடமே வெடித்த பிந்தைய வடிவமும் கிடைத்தது.

வெடித்தது திரும்ப மூடாது. செல்லைச் சேரும் முன்பே அமிலமோ சூடோ பட்டு விசை தட்டிவிட்டால் அந்தப் புரதம் வீண். 70 டிகிரி வரை நன்றாக வெந்த கறியில் இந்த வைரஸுக்குப் பயப்பட வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பிராய்லர் பண்ணை வைத்திருக்கும் எனக்கு, நொதி போடும் அந்த வெட்டுதான் முக்கியம். வீரியம் குறைந்த வகைகளை வெட்டும் நொதிகள் மூச்சுக்குழாயிலும் குடலிலும்தான் கிடைக்கும். நோயும் அநேகமாக அங்கேயே நிற்கும். வீரியமான எச்5என்1 வகையில் வெட்டுமிடத்தில் அர்ஜினின், லைசின் என்ற அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கும். அதை வெட்டும் ஃபியூரின் என்ற நொதி அநேகமாக எல்லாச் செல்லிலும் உண்டு. அதனால் மூளை, இதயம் எதுவும் தப்பாது. ஓரிரு நாளில் ஷெட்டே காலியாகும். கேரளத்தின் குட்டநாட்டில் வாத்துகள் சாகும்போது தமிழ்நாட்டு எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் லாரிக்கு மருந்தடிப்பதைச் சிலர் கிண்டல் செய்கிறார்கள். கோழி வளர்க்கிறவர்கள் செய்யமாட்டார்கள்.

நிபா வேறு மாதிரி. 2018-இல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்ததே, அதற்குப் பிடிக்க ஒரு புரதம், இணைக்க இன்னொன்று. முதலாவது செல்லின் மேலுள்ள எஃப்ரின்-பி2 என்ற புரதத்தைப் பிடித்ததும் இரண்டாவதை அவிழ்த்துவிடும். அமிலத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை, செல்லின் வெளிச்சவ்விலேயே வேலை முடிந்துவிடும்.