ரேகை விழவில்லை, பணம் மட்டும் போனது எப்படி?

கேள்வி: அம்மா கொழுந்து பறிப்பவர். ஊருக்கு மிஷினோடு வரும் வங்கி முகவரிடம் ஆதார் எண் சொல்லி, கைரேகை வைத்துப் பணம் எடுப்பார். போன வாரம் மூன்று முறை விரல் வைத்தும் "ரேகை விழல" என்று அனுப்பிவிட்டார். பாஸ்புக்கில் அன்றே 8,000 ரூபாய் குறைந்திருக்கிறது. திரும்பக் கிடைக்குமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: வழி இருக்கிறது, இன்றே தொடங்குங்கள். இந்த முறையில் பின் நம்பரும் இல்லை, ஓடிபியும் இல்லை. ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை, இவ்வளவே. திரையைப் பார்க்காவிட்டால், மிஷினில் எந்தத் தொகையை அடித்தார்கள் என்பது விரல் வைப்பவருக்குத் தெரியாது. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேய்ந்து கறையேறிய அம்மாக்களுக்கு நிஜமாகவே பலமுறை ரேகை விழுவதில்லை. அதனால்தான் "இன்னொரு தடவ வைங்க" என்றால் நம்பிவிடுகிறார்கள். அவர்கள் மேல் தவறே இல்லை.

சிக்னல் அறுந்து பணம் கழிந்திருந்தால் 5 நாளில் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வரவில்லையென்றால் மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடனே 1930-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அந்தப் பற்றுக்கான 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் கேளுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

வலுவான சாட்சி ஒன்று உண்டு. 'மை ஆதார்' தளத்தில் கடந்த 6 மாதம் வரை ரேகை எங்கெல்லாம் கேட்கப்பட்டது, எத்தனை மணிக்கு, வெற்றியா தோல்வியா என்பது இருக்கும். "விழல" என்ற நேரத்துக்கு நேரே 'வெற்றி' என்றிருந்தால் அச்செடுத்துப் புகாரோடு இணையுங்கள்.

அடுத்து, எம்ஆதார் செயலியில் அம்மாவின் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். ஆதாரோடு மொபைல் எண் இணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஆதார் மையத்தில் இணைக்கலாம். உரிமைத்தொகை வருவது இதனால் நிற்காது. ஆனால் ரேஷன் கடையில் ரேகை ஏற்காது. அங்கே போனதும் தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளும்.

இனி பணம் எடுக்கும்போது, திரையில் தொகையைப் பார்க்காமல் விரல் வைக்க வேண்டாம். "செல்லவில்லை" என்றால் அதற்கும் சீட்டு கேட்கட்டும். சீட்டு இல்லாமல் இரண்டாம் முறை விரல் வைக்கக் கூடாது. ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கும். பறிப்பில் அவ்வளவாகத் தேயாத மோதிர விரலை முதலில் வைக்கச் சொல்லுங்கள். குளிரில் வறண்ட விரலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வைத்தால் ரேகை தெளிவாக விழ வாய்ப்பு அதிகம்.