வளைந்த பலகைகளும் அடியில் தங்கும் ஈரமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டின் பின்புறத்தில் திறந்தவெளி மரத்தளம் அமைத்திருக்கிறோம். சில பலகைகளின் இரு விளிம்புகளும் மேலெழும்பி, நடுவில் பள்ளம் விழுந்து, மழைநீர் தேங்குகிறது. இழைத்துச் சமப்படுத்தினால் போதும் என்கிறார் தச்சர். அப்படிச் செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு இழைக்க வேண்டாம். மரம் ஈரத்தை ஏற்கும்போது விரிகிறது, இழக்கும்போது சுருங்குகிறது. நீளவாக்கில் இந்த மாற்றம் மிகச் சொற்பம். அகலவாக்கிலும் கனத்திலும்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது. மேற்பரப்பை வெயில் உலர்த்திக்கொண்டிருக்க, அடிப்பரப்பு மண்ணிலிருந்து எழும் ஈரத்தில் நனைந்தபடியே இருந்தால், ஒரே பலகையின் மேல்பக்கம் குறுகியும் கீழ்ப்பக்கம் அகன்றும் நிற்கும். அதனால்தான் விளிம்புகள் மேலே எழும்புகின்றன. இந்த நிலையில் இழைத்தால், எழும்பிய விளிம்புகளின் மரம்தான் சீவப்பட்டுப் போகும். பிறகு ஒரு நீண்ட வறண்ட காலத்தில் அடிப்பக்கமும் உலர்ந்து பலகை தன் பழைய வடிவுக்குத் திரும்பும்போது, விளிம்புகள் தாழ்ந்து நடுப்பகுதி மேடாகத் துருத்தி நிற்கும்.

ஆகவே முதலில் தளத்தின் அடியைப் பாருங்கள். கூரை நீர் அங்கே வந்து விழுகிறதா, மண் சரிவு வீட்டை விட்டு விலகிச் செல்கிறதா, பலகைகளின் இடைவெளிகளைச் சருகும் மண்ணும் அடைத்திருக்கின்றனவா, பக்கவாட்டில் அடைப்புப் பலகை அறைந்து காற்றோட்டத்தை மறித்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். அழகுக்காகச் செய்யும் இந்த அடைப்புதான் பல தளங்களைக் கெடுக்கிறது என்பது என் கருத்து. அடைப்பில் திறப்புகள் விட்டு, நீரை வேறு பக்கம் திருப்பிவிட்டு, மழையில்லாத சில வாரங்கள் பொறுத்திருங்கள். இலேசான குழிவு பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும்.

அதற்குப் பின்னும் குழிவு நீங்காத பலகையைத் திருகாணிகளைக் கழற்றி எடுத்து, அடிப்பக்கத்தில் அழுகல் இல்லையென்றால், கவிழ்த்துப் பொருத்தலாம். குழிந்த பக்கம் கீழே போய்விடுவதால் நீர் இரு புறமும் வழிந்தோடும். பழைய துளைகளை விட்டுத் தள்ளிப் புதிய துளைகளை முன்னதாகவே துளையிட்டுக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்து குழிந்த பலகையைத் திருகாணியின் பலத்தால் ஒரேயடியாக அழுத்தித் தட்டையாக்க முயன்றால் அது நீளவாக்கில் பிளந்துவிடக்கூடும். முறுக்கிக்கொண்ட பலகையை, அதாவது நான்கு மூலைகளும் ஒரே மட்டத்தில் உட்காராததை, மாற்றிவிடுவதே நல்லது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழைய தளங்களில், அழுகலும் பூச்சியும் அண்டாமலிருக்க ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய மரம் இருக்கக்கூடும். அத்தகைய பலகையை இழைக்கவோ தேய்க்கவோ எரிக்கவோ கூடாது. அதன் தூசியும் புகையும் நச்சு.

கேள்வி: புதிதாகத் தளம் போடப் போகிறோம். பலகைகள் பின்னாளில் வளையாமலிருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: பாதி வேலை பலகையைத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிந்துவிடுகிறது. ஆண்டு வளையங்களின் போக்கில் மரம் சுருங்கும் அளவு, நடுத்தண்டிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்கும் அளவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. எனவே பலகையின் வெட்டுமுனையில் வளையங்கள் வில்லாக வளைந்து கிடந்தால் அது குழிய வாய்ப்பு அதிகம். செங்குத்துக் கோடுகளாகத் தெரிந்தால் குறைவு. தண்டின் நடுப்புள்ளி உள்ளடங்கிய பலகையை ஒதுக்கிவிடுங்கள். வாங்கிய பலகைகளை நிழலில், தரையைத் தொடாமல், வரிசைகளுக்கு நடுவே சிறு குச்சிகள் வைத்து அடுக்கினால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக உலரும்.

தாங்கும் சட்டங்களுக்கு இடையே 40 செ.மீ.க்கு மேல் போகாதீர்கள். பலகைகளைச் சட்டங்களின் மேல் மூலைவாட்டில் பதிப்பதானால் 30 செ.மீ. வையுங்கள். ஒவ்வொரு சட்டத்திலும், விளிம்பிலிருந்து சற்று உள்ளே, இரண்டு திருகாணிகள் வேண்டும். மரம் விரிந்து சுருங்கும்போது ஆணி மெல்ல மெல்ல மேலெழும்பும், திருகாணியோ பிடித்து நிற்கும். மருந்தேற்றிய மரத்திலுள்ள செம்பு சாதாரண இரும்பை அரிப்பதால், துருப்பிடிக்காத எஃகு அல்லது தடித்த துத்தநாகப் பூச்சுள்ள திருகாணியே ஏற்றது. உலர்ந்த பலகைகளுக்கு நடுவே 3 முதல் 6 மி.மீ. இடைவெளி விடுங்கள், மருந்தேற்றிய ஈரம் காயாத பலகைகளை நெருக்கிப் பொருத்தினாலும், காயும்போது இடைவெளி தானே உண்டாகும்.

பொருத்துவதற்கு முன்பே, ஈரமில்லாத பலகையின் அடிப்பக்கம் உட்பட எல்லாப் பக்கங்களிலும், மரத்துக்குள் ஊறும் வகை எண்ணெய்ப் பூச்சைத் தடவிவிடுங்கள். மேற்பக்கம் மட்டும் பூசுவது இரு பக்கங்களுக்கும் இடையிலுள்ள ஈர வேறுபாட்டைக் கூட்டுகிறது. வெட்டிய முனைகள் நீரை மற்றப் பரப்புகளை விட மிக விரைவாக உறிஞ்சுவதால், ஒவ்வொரு முறை அறுத்த உடனேயும் அங்கே பூச வேண்டும்.

கேள்வி: பதிக்கும்போதே ஒரு பலகை பக்கவாட்டில் வளைந்திருந்தால்?

பதில்: ஒரு முனையை இறுக்கிவிட்டு, அங்கிருந்து சட்டம் சட்டமாக முன்னேறுங்கள். தடித்த உளியைச் சட்டத்தில் ஊன்றி நெம்பி, பலகை இடத்துக்கு வந்ததும் திருகாணியை இறக்க வேண்டும். நெம்பியும் வராத பலகையைத் துண்டாக அறுத்து, குறுகிய நீளம் தேவைப்படும் இடங்களில் பயன்படுத்திக்கொள்ளலாம்.