அயர்லாந்து கிராமத்துக் கல்யாணங்களில் உங்களை ஆச்சரியப்பட வைத்த வழக்கம் எது?

அழைக்காமல் வந்து நிற்கும் ஸ்ட்ராபாய்ஸ்தான். வைக்கோல் பையன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் கல்யாணம், மேற்கே மேயோ பக்கம். சாப்பாடு முடிந்து ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஏழெட்டுப் பேர் உள்ளே வந்தார்கள். தலையிலிருந்து தோள்வரை கூம்பு மாதிரி முடைந்த வைக்கோல் முகமூடி, இடுப்பில் வைக்கோல் பாவாடை, யார் முகமும் தெரியவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, கூட்டமோ கைதட்டுகிறது! அவர்களில் தலைவன் போலிருந்தவன் நேராகப் போய் மணப்பெண்ணை ஆடக் கூப்பிட்டான். என் பக்கத்தில் இருந்த பாட்டி மட்டும் அசரவில்லை, "ஷூவைப் பார், எங்கள் பக்கத்து வீட்டுப் பையன்" என்று காதோடு சொன்னார். கால் மணி நேரத்தில் போய்விட்டார்கள். தரையெல்லாம் வைக்கோல், என் பட்டுப்புடவைக் கொசுவத்திலும்.

இப்போது முன்கூட்டியே சொல்லிவைத்து வரவழைக்கிறார்கள். அந்தக் காலத்தில் கல்யாணம் பண்ணைவீட்டிலேயே நடக்கும், எல்லோரையும் அழைக்க இடம் ஏது? அழைப்பில்லாத ஊர் இளைஞர்கள் வேஷம் போட்டு வந்து ஆடிவிட்டு, குடித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் வந்தால் தம்பதிக்கு அதிர்ஷ்டம், சரியாகக் கவனிக்காமல் அனுப்பினால் ஏதாவது குறும்பு செய்துவிட்டுத்தான் போவார்கள். மனஸ்தாபத்தைத் தீர்க்க நல்ல ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காசில்பார் பக்கத்தில் டர்லோ பார்க் அருங்காட்சியகத்தில் இந்த வைக்கோல் உடைகளைப் பார்க்கலாம்.

அப்புறம், முன்பெல்லாம் முகூர்த்த மாதமே வேறு. கத்தோலிக்க நாடு, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் கல்யாணம் கூடாது, அதனால் அது தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாய்க்குள் முடித்தாக வேண்டும். அதற்குள் ஆகாதவர்கள் பாடு திண்டாட்டம். தெற்கே மன்ஸ்டரில், தவக்காலத்தின் முதல் ஞாயிறு அன்று கோயிலுக்கு வரும் கல்யாணமாகாத ஆண்கள் முதுகில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவார்களாம். கெர்ரி கடலில் இருக்கும் ஸ்கெல்லிக் தீவில் தவக்காலம் தாமதமாகத்தான் தொடங்கும் என்று ஒரு நம்பிக்கை, அதனால் "ஸ்கெல்லிக்குக் கிளம்பு, இன்னும் நேரமிருக்கிறது" என்று கேலி வேறு.

ஒன்று மட்டும் இன்றும் மாறவில்லை. மழை வராமலிருக்க, முந்தின இரவே பிராக் குழந்தை இயேசு சுரூபத்தை, அதாவது சிலையை, வேலியோரம் வைத்துவிடுவார்கள். தானாகத் தலை உடைந்த சுரூபம் என்றால் பலன் கூடுதலாம். என் தோழி வீட்டுச் சுரூபத்துக்குத் தலை முழுசாக இருந்தது. கல்யாணத்தன்று காலையிலிருந்தே செம மழை.