எஞ்சின் காற்றுத்தடுப்புத் தகடுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: நான் விமானப் பராமரிப்புப் பொறியியல் மாணவன். நாங்கள் பயிற்சி பெறும் செஸ்னா 172 விமானத்தின் எஞ்சினைச் சுற்றியுள்ள அலுமினியத் தடுப்புத் தகடுகளில், பின்பக்கத் தகட்டில் விரிசல் கண்டது. விரிசலின் முனையில் சிறு துளையிட்டு நிறுத்தினோம். ஆனால் சில மாதங்களிலேயே துளைக்கு அப்பாலும் விரிசல் நீண்டுவிட்டது. இறக்கையைப் போலச் சுமை தாங்காத தகட்டில் இது ஏன் நேர்கிறது? முறையாகச் சரிசெய்வது எப்படி?

பதில்: செஸ்னா 172 விமானங்களில் 1968 முதல் பல ஆண்டுகள் பொருத்தப்பட்ட லைக்கமிங் ஓ-320 எஞ்சினில் தண்ணீர்க் குளிர்விப்பு கிடையாது. முன்பக்கத் திறப்புகளின் வழியே நுழையும் காற்று எஞ்சினின் மேற்பகுதியில் தேங்கி, நான்கு சிலிண்டர்களின் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய உலோக இதழ்களுக்கு இடையே கீழ்நோக்கிப் பாய்ந்தால்தான் வெப்பம் வெளியேறும். அப்படித் தேக்கும் சுவர்தான் நீங்கள் சொல்லும் தகடு. கடல் மட்டத்தில் 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் பறக்கும்போது எதிர்க்காற்று தரக்கூடிய முழு அழுத்தமும் சுமார் 16 சென்டிமீட்டர் நீர்மட்ட உயரத்துக்கு ஈடானது. மேலேறும்போது வேகம் 75 நாட்டாகக் குறைந்தால் அது 9 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் எஞ்சின் முழுவிசையில் உழைப்பதும் அப்போதுதான். இவ்வளவு சிறிய அழுத்தத்தில் ஒரு விரிசலோ இடுக்கோ கசியவிடும் காற்றைப் பொருட்படுத்தாமல் விட முடியாது. சிலிண்டர் தலையின் உச்ச வரம்பு 500 டிகிரி ஃபாரன்ஹீட் என்றாலும், நீண்ட ஆயுள் வேண்டுமானால் 435 டிகிரிக்குக் கீழே வைத்திருப்பது நல்லது.

விரிசல் வருவது அதிர்வினால். தகட்டின் ஒரு விளிம்பு சிலிண்டரோடு சேர்ந்து ஆடுகிறது. மற்றொரு விளிம்பு எஞ்சின் மூடியில் உரசும் ரப்பர்ப் பட்டையால் தடுக்கப்படுகிறது. எனவே திருகுத்துளைகளின் ஓரத்திலும், கூர்மையாக மடித்த மூலைகளிலும் உலோகம் களைத்துப்போகிறது. சில விமானங்களில் எண்ணெய்க் குளிர்விப்பானே பின்பக்கத் தகட்டில் தொங்குகிறது; அந்த எடையைத் தாங்க முட்டுச் சட்டம் இல்லாவிட்டாலோ, அது தளர்ந்திருந்தாலோ, எத்தனை துளையிட்டாலும் விரிசல் திரும்பவே செய்யும். ஆகவே துளையிடும் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன், தளர்ந்த திருகு, காணாமல்போன வாஷர், உடைந்த முட்டு ஆகியவற்றைத் தேடுங்கள். காரணத்தைக் கண்டுபிடிப்பதே பழுதுபார்ப்பின் பெரும்பகுதி என்பது என் உறுதியான கருத்து.

இனி வேலைக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டியும் விரிசல் சற்று ஓடியிருக்கும். விரிசலுக்குள் இறங்கி அதைக் காட்டிக்கொடுக்கும் ஊடுருவும் சாயத்தால் உண்மையான முனையை உறுதிசெய்து, அங்கே 3/32 அங்குலத் துளையிட்டு, இருபுறமும் பிசிறு நீக்குங்கள். பிசிறுடன் விடப்பட்ட துளை, தானே புதிய விரிசலின் தொடக்கமாகிவிடும். அதோடு நிறுத்தாமல், மூலத் தகட்டின் உலோகக்கலவையிலும் தடிமனிலும் ஒரு ஒட்டுத்தகடு வெட்டி, அதன் மூலைகளை வளைவாக்கி ரிவெட் செய்ய வேண்டும். 0.032 அங்குலத் தகட்டுக்கு, தடிமனைப்போல் மூன்று மடங்கு என்ற வழக்கப்படி 3/32 அங்குல ரிவெட் பொருந்தும்; ரிவெட்டின் மையம் விளிம்பிலிருந்து விட்டத்தைப்போல் இரு மடங்காவது தள்ளியிருக்க வேண்டும். ஒட்டு உறுதியாக இருக்கட்டும் என்று மிகத் தடித்த தகட்டைப் போடுவோர் உண்டு. அப்போது வளைவு முழுவதும் ஒட்டின் ஓரத்தில் குவிந்து, அடுத்த விரிசல் அங்கேயே பிறக்கும். ஒரு பக்கத்திலிருந்தே நடுத்தண்டை இழுத்துப் பொருத்தும், கடையில் கிடைக்கும் பாப் ரிவெட்டுகளைத் தவிருங்கள். அவற்றின் நடுத்தண்டு அதிர்வில் கழன்று விழக்கூடும். அலுமினியத்தில் பென்சிலால் கோடு போடாதீர்கள். அதிலுள்ள கிராஃபைட் அரிப்பை உண்டாக்கும்.

உற்பத்தியாளரின் பராமரிப்பு நூலே முதல் ஆதாரம். அதில் வழி சொல்லப்படாத இடத்தில், அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ 1998-இல் வெளியிட்ட ஏசி 43.13-1பி என்ற ஆலோசனைச் சுற்றறிக்கை உதவும். வேலை முடிந்தபின் உரிமம் பெற்ற பொறியாளர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்பதை மாணவரான உங்களுக்கு வலியுறுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: விரிசலை வெல்டிங் செய்துவிடலாமா?

பதில்: தகடு 2024 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலவையானால் கூடாது, அது வாயு வெல்டிங்குக்கு ஏற்றதன்று. 6061-டி6 கலவையை வெல்டிங் செய்யலாம் என்றாலும், சூடேறிய பகுதி மென்மையாகிவிடும். கலவை எதுவென்று தெரியாதபோது ரிவெட் ஒட்டே பாதுகாப்பானது.

கேள்வி: தகடுகள் நன்றாக இருந்தும் ஒரு சிலிண்டர் மட்டும் சூடாகிறது. எங்கே பார்ப்பது?

பதில்: முதலில் ரப்பர்ப் பட்டைகளைப் பாருங்கள். அவை காற்று தேங்கும் உட்பக்கத்தை நோக்கி வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் அழுத்தமே அவற்றை மூடியோடு ஒட்டவைக்கும். மூடியை மாட்டும்போது வெளிப்பக்கம் மடங்கிப்போன பட்டையின் வழியே காற்று தப்பிவிடும். மூடியின் உட்புறத்தில் பட்டை உரசிய தடம் இடையறாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். தடம் அறுபடும் இடமே கசியும் இடம். அடுத்து, சிலிண்டர்களுக்கு இடையே அடிப்பக்கம் பொருத்தப்படும் சிறு தகடுகளைச் சோதியுங்கள். மேலிருந்து பார்த்தால் கண்ணில் படாத இவை, காற்றைச் சிலிண்டரின் அடிவரை அணைத்துக் கொண்டுசெல்கின்றன. சிலிண்டரைக் கழற்றி மாட்டியபோது இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தாலோ, அதைப் பிடித்திருக்கும் கம்பி தளர்ந்திருந்தாலோ, அந்த ஒரு சிலிண்டர் மட்டும் சூடாவதற்கு அதுவே போதுமான காரணம்.